குடலுக்குள் நஞ்சை முறிக்கும் நொதி

பெருங்குடல் அழற்சிக்காக என்னிடம் சிகிச்சையில் இருக்கும் ஓர் இளைஞர் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தார். ஒரு வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், அளவு கொஞ்சம் அதிகம். “டாக்டர், இது குடலைக் காக்கிற என்சைம்னு படிச்சேன். கூடினா நல்லதுதானே?” என்றார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: வயிற்றுப்போக்கு லேசாகத் தலைகாட்டியதும், குடலுக்கு ஓய்வு கொடுப்போம் என்று நான்கு நாளாக வெறும் பானங்கள்தான்.

அவர் படித்தது பொய்யில்லை. ஆனால் இரத்தத்தில் தெரிவது வேறு, குடலுக்குள் வேலை செய்வது வேறு.

குடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள். அந்தப் பக்கம் கோடி கோடியாய் பாக்டீரியா, இந்தப் பக்கம் நம் இரத்தம். அந்த பாக்டீரியாவில் பலவற்றின் மேலுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கிறது. 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலராக் கிருமியை ஆராய்ந்தபோது எண்டோடாக்சின் என்று அடையாளம் கண்டது இந்த நஞ்சைத்தான். இதன் விஷமெல்லாம் லிப்பிட் ஏ என்ற பகுதியில். அதில் இரண்டு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். நம் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் கண்டதும் அழற்சியைக் கிளப்பிவிடும்.

குடலின் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் அந்த இரண்டில் ஒரு பாஸ்பேட்டை நறுக்கிவிடுகிறது. அவ்வளவுதான் வேலை. பாக்டீரியா சாகவில்லை, ஆனால் நஞ்சின் வீரியம் வெகுவாக அடங்கிப்போகிறது. ஒரே பாஸ்பேட் உள்ள லிப்பிட் ஏ எவ்வளவு சாது என்றால், சில தடுப்பூசிகளில் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் துணைப்பொருளாகவே அதைச் சேர்க்கிறார்கள். எத்தனையோ வருடமாக இந்தத் துறையில் இருந்தும், கொல்லாமலே பகையைத் தணிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் வியப்புதான். அடிபட்ட செல்களிலிருந்து கசியும் ஏடிபி என்ற அபாய அறிவிப்பையும் இதே நொதி சிதைத்து அமைதிப்படுத்துகிறது.

இந்த நொதி அதிகம் சுரப்பது சிறுகுடலின் தொடக்கத்தில். அங்கிருந்து உணவோடு கீழே இறங்கிப் பெருங்குடல் வரை போகிறது. ஒவ்வொரு நொதி மூலக்கூறும் வேலை செய்ய துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கில் உடல் துத்தநாகத்தை இழக்கும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

சரி, அந்த நான்கு நாள் பட்டினிக்கு வருவோம். எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்த ஆய்வுகளில் இந்த நொதி குறைந்து, பாக்டீரியா குடல் சுவரைத் தாண்டுவது கூடியது. குடல் வழியே உணவு கொடுத்தபோது நொதி நிலைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிந்தவரை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குடல் வழியே உணவைத் தொடங்கப் பார்ப்பதற்குக் குடல் சுவரைக் காப்பதும் ஒரு காரணம். அடைப்பு, துளை, அறுவை சிகிச்சை என்று சாப்பாட்டை நிறுத்த வேண்டிய நேரங்கள் உண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த வட்டம் போட்ட வரி. இரத்தத்தில் இருக்கும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் பெரும்பாலும் கல்லீரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. குடலின் பாதுகாப்பை அது காட்டாது. பெருங்குடல் அழற்சி உள்ளவருக்கு அது கூடியிருந்தால் எனக்கு முதலில் வரும் கவலையே வேறு. இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பித்தக் குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோயும் சேர்ந்து வரும். அதனால் “நல்லதுதானே” என்று விட்டுவிட முடியாது. இன்னொரு பக்கம், ஓ, பி இரத்தப் பிரிவினரில் பலருக்குக் கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் குடல் நொதியே கொஞ்சம் இரத்தத்தில் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

மாத்திரையாக வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். செரிமானத்துக்கென்று விற்கும் என்சைம் மாத்திரைகளில் இருப்பது இதுவல்ல. இதையே மருந்தாகப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. 21 நோயாளிகளுக்குக் குழாய் வழியே 7 நாள் சிறுகுடலில் செலுத்தியதில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லாததால் அதை நம்பிச் சிகிச்சை சொல்ல முடியாது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து நல்ல பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட் இந்த நொதியைத் தூண்டுகிறது. ஆனால் நோய் தீவிரமாக இருக்கும்போது நார்ச்சத்தை மளமளவென்று கூட்டாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

அந்த இளைஞர் பானங்களுக்கு மாறும் முன்பே, ஒரு நாள் மதியம் வயிறாரச் சாப்பிட்ட கையோடு இரத்தம் கொடுத்திருந்தார். இரத்தப் பிரிவு பி. வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தோம், அளவு சரியாக வந்தது, கல்லீரல், பித்தக் குழாய்ச் சிக்கலைக் காட்டும் ஜிஜிடி என்ற நொதியின் அளவும் இயல்புதான். அன்று மாலையே சிறிது சிறிதாகச் சாப்பிடத் தொடங்கச் சொன்னேன். அடுத்த ஆறு மாதத்தில் கல்லீரல் பரிசோதனையை மீண்டும் பார்க்க வேண்டும் என்று அவர் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.