தலையைத் திறப்பதா, தொடை வழியே போவதா?

"தலையைத் திறக்காம பண்ண முடியாதா டாக்டர்?" மூளை ரத்தக்குழாயில் அனூரிஸம் என்ற வீக்கம் இருப்பதாகச் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை நோயாளியின் விருப்பத்தைவிட, அந்த வீக்கத்தின் இடத்தையும் அதன் கழுத்தின் அகலத்தையும் பொறுத்தே அமைகிறது.

அனூரிஸம் என்பது பெரும்பாலும் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் நலிந்து சிறு பை போலப் புடைப்பது. அறுவை சிகிச்சையில் மண்டையோட்டைத் திறந்து பையின் கழுத்தில் கிளிப் போடுகிறோம். 1937-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி வெள்ளிக் கிளிப்பால் செய்ததை இன்று நுண்ணோக்கியின் கீழ் டைட்டானியம் கிளிப்பால் செய்கிறோம். கிளிப்பின் இரு அலகுகளும் மூடியதும், அதுவரை துடித்துக்கொண்டிருந்த பை துவண்டுவிடும். மற்றொரு முறையான காயிலிங்கில், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பைக்குள் பிளாட்டினம் சுருள்களைச் சுற்றிச் சுற்றி நிரப்புகிறோம். தேவைக்கேற்பப் பிரித்து விடக்கூடிய இந்தச் சுருளை இத்தாலிய மருத்துவர் குலியெல்மி 1990-இல் முதன்முதலாக நோயாளிகளிடம் பயன்படுத்தினார்.

காயிலிங்கே மேல் என்பவர்கள் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஐசாட் ஆய்வைக் காட்டுவார்கள். வெடித்த அனூரிஸம் உடைய 2143 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள்; ஓராண்டு நிலவரம் தெரிந்தவர்களில், அந்த முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் காயிலிங்கில் 23.7 சதவீதம், கிளிப்பிங்கில் 30.6 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் பரிசீலிக்கப்பட்ட 9559 பேரில், இரண்டு முறைகளும் பொருந்தக்கூடும் என்று கருதப்பட்டவர்கள் மட்டுமே அந்த ஒப்பீட்டுக்குள் வந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. நடு மூளைத் தமனியின் கிளையில் அகன்ற கழுத்துடன் இருக்கும் வீக்கத்துக்கும், கூடவே பெரிய ரத்தக்கட்டி மூளையை அழுத்தும்போதும், நான் பெரும்பாலும் கிளிப்பையே சொல்வேன். மூளையின் அடிப்பகுதியில், மூளைத்தண்டின் முன்னால் ஓடும் பேசிலார் தமனியின் உச்சியில் இருந்தால் தயங்காமல் காயிலிங்குக்கு அனுப்புவேன்.

தையல் இல்லை என்பதால் காயிலிங்கை எளிதான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. சுருள்கள் நாளடைவில் இறுகி, கழுத்தில் மீண்டும் ரத்தம் புகக்கூடும். அதனால் மாதங்கள் கழித்தும் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) செய்து பார்க்க வேண்டும், சிலருக்கு இரண்டாம் முறை சிகிச்சையும் தேவைப்படும். ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயோ, ரத்த ஓட்டத்தைப் பையிலிருந்து திருப்பிவிடும் ஃப்ளோ டைவர்ட்டரோ வைத்தால், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பல மாதங்களுக்குத் தொடர வேண்டும். பல் பிடுங்குவதற்காக இரண்டு மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிட்டு, நான்காம் நாள் வலது கை தூக்க முடியாமல் வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

வெடிக்காத வீக்கம் தற்செயலாகத் தெரியவந்திருந்தால், படங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரைப் பார்க்க வழக்கமாக அவகாசம் உண்டு. சிறியதாக இருந்தால், புகையை விட்டு, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, கண்காணித்தாலே போதும் என்றும் அவர் சொல்லலாம். சம்மட்டியால் அடித்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலியோடு வெடித்துவிட்ட வீக்கத்துக்கு அந்த அவகாசம் கிடையாது, ஏனெனில் மறுபடியும் கசியும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அப்போது கேட்க வேண்டியது, இரண்டு முறைகளையும் செய்யக்கூடியவர்கள் அந்த மருத்துவமனையில் இருக்கிறார்களா என்பதே. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, உள்ளே வைத்த கிளிப் அல்லது சுருளின் பெயரையும் உலோகத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.