ஸ்கிரீன் சேவரை நிறுத்தி வைப்பது யார்?

வீடியோ பிளேயரில் இரண்டரை மணி நேரப் படம் ஓடுகிறது. யாரும் மவுஸைத் தொடவில்லை. ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் வரவேண்டிய ஸ்கிரீன் சேவர் வரவே இல்லை. அதே கணினியில் நீண்ட கட்டுரை ஒன்றைக் கையை அசைக்காமல் படித்துப் பாருங்கள், சொன்ன நேரத்துக்கு வந்து திரையை மூடிவிடும். படம் ஓடுகிறதா, கட்டுரை திறந்திருக்கிறதா என்பதெல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. கடைசியாக விசையோ மவுஸோ அசைந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டுமே அது கணக்கு வைக்கிறது. மற்றதைப் பார்த்துக்கொள்வது பிளேயரை எழுதியவரின் பொறுப்பு.

பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே எழுத்து மணிக்கணக்கில் நின்றால் உள்ளே பூசிய பாஸ்பர் தேய்ந்து, அந்தத் தடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஐபிஎம் பிசிக்காக ஜான் சோச்சா எழுதிய ஸ்க்ரன்சேவ் என்ற சிறு நிரல் 1983 டிசம்பரில் சாஃப்டாக் இதழில் வெளியானது. மூன்று நிமிடம் விசை தட்டாவிட்டால் திரையைக் கறுப்பாக்கும், அவ்வளவுதான். பறக்கும் டோஸ்டர்களும் மீன்தொட்டிகளும் பிறகு வந்த அலங்காரம்.

விண்டோஸில் ஸ்கிரீன் சேவர் என்பது சாதாரண இஎக்ஸ்இ கோப்புதான், அதாவது திறந்தால் ஓடும் நிரல், பெயரின் வால் மட்டும் எஸ்சிஆர். இயக்கும்போது கூடவே 'எஸ்' என்று சொன்னால் முழுத்திரையில் ஓடும், 'சி' என்றால் அமைப்புப் பெட்டியைக் காட்டும், 'பி' என்றால் கண்ட்ரோல் பேனலில் உள்ள குட்டித் திரைக்குள் ஓடிக் காட்டும். இணையத்தில் கிடைக்கும் எஸ்சிஆர் கோப்பைப் படக்கோப்பு மாதிரி நினைத்துத் திறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நிரல் எழுதப் பழகுபவர் முதலில் பிடிப்பது விண்டோஸின் யூசர்32 நூலகத்தில் உள்ள சிஸ்டம் பாராமீட்டர்ஸ் இன்ஃபோ என்ற ஃபங்ஷனை. ஒரே ஃபங்ஷன், ஆனால் கொடுக்கும் எண்ணுக்கு ஏற்ப வேலை மாறும். 16 கொடுத்தால் ஸ்கிரீன் சேவர் இயங்க அனுமதி இருக்கிறதா என்று சொல்லும், 17 அந்த அனுமதியை மாற்றும். 14 காத்திருப்பு நேரத்தைப் படிக்கும், 15 அதை எழுதும். 114 இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கும். நேரம் நொடியில். கண்ட்ரோல் பேனலில் நிமிடமாகப் பார்த்துப் பழகியவர் 10 என்று எழுதினால் பத்தே நொடியில் திரை மறையும். விண்டோஸ் 95 காலத்தில் 97 என்ற எண்ணுக்கு வேறொரு மவுசு இருந்தது. ஸ்கிரீன் சேவர் ஓடுவதாக அதைக்கொண்டு பொய் சொன்னால், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் வேலை செய்யாமல் போகும். விண்டோஸ் என்டியிலும் அதன் வழி வந்த பிற்கால விண்டோஸ்களிலும் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

படம் ஓடும்வரை 17ஐக் கொண்டு அணைத்துவிட்டு, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பினால் போதாதா? போதாது. அந்த அனுமதி நிரலுக்குச் சொந்தமானதல்ல, பயனருடையது. நடுவில் பிளேயர் செயலிழந்தால் திருப்பி வைக்க ஆளில்லை. இன்னும் மோசம், இப்படிச் செய்யும் நிரல்கள் இரண்டு சேர்ந்தால். முதல் நிரல் 'இயங்கலாம்' என்ற நிலையைக் குறித்துக்கொண்டு அணைக்கிறது. பிறகு வரும் இரண்டாவது, 'இயங்கக் கூடாது' என்பதையே பயனரின் விருப்பம் என்று குறித்துக்கொள்கிறது. முதல் நிரல் முடிந்ததும் 'இயங்கலாம்' என்று திருப்ப, இரண்டாவதன் படத்துக்கு நடுவே ஸ்கிரீன் சேவர் வந்து நிற்கிறது. கடைசியில் இரண்டாவதும் முடிந்து, தான் குறித்ததைத் திருப்பி வைக்கிறது: 'இயங்கக் கூடாது'. யாரும் தவறாக எழுதவில்லை, ஆனால் பயனர் கேட்காமலே அவருடைய ஸ்கிரீன் சேவர் அணைந்துவிட்டது.

இதற்கு விண்டோஸிலேயே நாகரிகமான வழி இருக்கிறது. நேரம் முடிந்ததும் விண்டோஸ் நேரே ஸ்கிரீன் சேவரை ஓட்டிவிடுவதில்லை. முன்னால் இருக்கும் சாளரத்துக்கு 274 என்ற எண்ணுள்ள சிஸ்கமாண்ட் செய்தியை அனுப்புகிறது. கூடவே வரும் மதிப்பு 61760 என்றால் 'ஸ்கிரீன் சேவரைத் தொடங்கப் போகிறேன்' என்று பொருள். அந்த மதிப்பின் கடைசி நான்கு பிட்களை விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு வைத்திருப்பதால் அவற்றை விலக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நிரல் இந்தச் செய்தியை விண்டோஸின் வழக்கமான கையாளிக்கு (செய்திகளுக்கு வழக்கப்படி பதில் செய்யும் பகுதிக்கு) அனுப்பாமல் தானே விழுங்கிவிட்டால், அந்த முறை ஸ்கிரீன் சேவர் வராது. எந்த அமைப்பும் மாறவில்லை, திருப்பி வைக்க எதுவும் இல்லை. ஒரு கட்டுப்பாடு உண்டு. அலுவலக நிர்வாகி கடவுச்சொல் பூட்டைக் கொள்கை மூலம் கட்டாயமாக்கியிருந்தால், விண்டோஸ் விஸ்டா முதல் இந்த மறுப்பு செல்லாது. அதுவே சரி என்பது என் கட்சி. பூட்டவேண்டிய திரையை ஒரு வீடியோ பிளேயர் திறந்து வைத்திருக்கக் கூடாது.

மானிட்டர் மின்சாரம் அணைவது வேறு கணக்கு. அதற்கு செட் த்ரெட் எக்ஸிக்யூஷன் ஸ்டேட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. திரை தேவை, தொடர்ந்து தேவை என்று ஒருமுறை சொன்னால் போதும். அந்த வேண்டுகோள் கேட்ட த்ரெட்டோடு (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழையோடு) கட்டப்பட்டது, த்ரெட் முடிந்தால் அதுவும் போய்விடும். ஆனால் ஸ்கிரீன் சேவரைத் தடுப்பது இதன் வேலையல்ல என்று மைக்ரோசாப்ட் ஆவணமே சொல்கிறது. இணையத்தில் பாதிப்பேர் குழம்புவது இங்கேதான்.

லினக்ஸ் மேசைத்தளங்களில் ஸ்கிரீன் சேவரைத் தடுக்க, நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் வழியே இன்ஹிபிட் என்று அழைக்க வேண்டும். நிரலின் பெயரோடு காரணத்தையும் கேட்கும், பதிலுக்கு ஒரு எண் தரும். அதை அன்இன்ஹிபிட்டிடம் கொடுத்தால் தடை நீங்கும், கொடுக்காமலே நிரல் செத்தாலும் நீங்கும். பிரவுசரில் வலைப்பக்கம் திரையை அணையாமல் வைக்கக் கேட்கும் வேக் லாக் இன்னும் கறார். தாவலை மறைத்த கணமே அந்தப் பூட்டு தானாகப் போய்விடுகிறது.

உங்கள் விண்டோஸ் கணினியின் திரை அணையாமல் அடம்பிடித்தால், நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை ரிக்வெஸ்ட்ஸ் தெரிவோடு கொடுத்துப் பாருங்கள். திரை வேண்டுமென்று கேட்டிருக்கும் நிரல்கள் டிஸ்ப்ளே என்ற தலைப்பின் கீழ் வரும், கணினி தூங்கக் கூடாது என்று கேட்டவை சிஸ்டம் என்பதன் கீழ். எங்கோ மறந்துபோன பிரவுசர் தாவலில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.