மஞ்சள் கடவைக்கு முன் கேட்க வேண்டிய தாள்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வீதியைக் கடக்க மஞ்சள் கடவை கேட்டுப் போய், “அந்த வீதியில வாகனம் குறைவு” என்ற பதிலோடு திரும்பி வந்தவர்களை வன்னியில் நிறையவே பார்த்துவிட்டேன். குறைவு என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்? இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தக் கணக்கெடுப்புத் தாளைக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எந்தக் கந்தோரில் கேட்பது என்பதிலேயே அலைச்சல் தொடங்கும். ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்ற ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்திடம். ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபையிடம். வீதி இலக்கம் தெரியாமல் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்.

“போக்குவரத்து அறிக்கை தாருங்கள்” என்று எழுதாதீர்கள். அப்படி ஒன்று இல்லை என்று முடித்துவிடுவார்கள். எண்ணிய திகதி, கிழமை, நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்த எண்ணிக்கை என்று பிரித்துக் கேளுங்கள். நடந்து போகிறவர்களையும் எண்ணினார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

நாளொன்றுக்கான வருடச் சராசரியைக் காட்டினால் ஏமாறாதீர்கள். பள்ளி விடும் நேர நெரிசல் அதில் கரைந்துவிடும். வீதி வடிவமைப்புக்கு வழக்கமாக எடுப்பது, வருடத்தின் மணித்தியாலங்களை நெரிசல் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்கினால் 30ஆவதாக வருவதை. எப்போதாவது வரும் மடு மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு அளவெடுத்து வீதி போட முடியாது, சரி. ஆனால் பள்ளி நெரிசல் பள்ளி நடக்கிற நாளெல்லாம் வருகிறதே! அந்த நெரிசலைத் தாளிலிருந்து இப்படிக் கணக்கிடலாம்: ஒரு மணித்தியாலத்தில் 400 வாகனம், அதில் 160 ஒரே கால் மணித்தியாலத்தில் என்று வையுங்கள். 160இன் நான்கு மடங்கு 640. 400ஐ அதனால் வகுத்தால் 0.625. சீரான ஓட்டமென்றால் விடை 1க்குக் கிட்ட நிற்கும். குறையக் குறைய, வாகனங்கள் சில நிமிடங்களில் குவிகின்றன என்று அர்த்தம். பிள்ளைகள் வீதியைக் கடப்பதும் அந்த நிமிடங்களில்தான்.

பள்ளி விடுமுறையிலோ, காலபோக நெல் அறுவடை ஓய்ந்து உழவு இயந்திரங்கள் குறைந்த பிறகோ எண்ணியிருந்தால், மறுபடி எண்ணச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். ஒப்புகைச் சீட்டு தருவது தகவல் அலுவலரின் கடமை. அது இல்லாவிட்டால் கடிதமே வரவில்லை என்பார்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “பெரியவர் லீவு” என்ற கதைக்குக் காத்திருந்தால் மேன்முறையீட்டுக்கான 14 நாட்களும் போய்விடும்.