அகதியா, ஏதிலியா, புகலாளரா?

‘அகதி’ தமிழ்ச் சொல்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவ்வளவு பழகிவிட்ட சொல். ஆனால் அது வடமொழியிலிருந்து வந்தது. ‘கதி’ என்றால் போக்கு, வழி, போய்ச் சேரும் இடம். அதன் முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்தால், போக்கிடம் இல்லாத நிலை. அந்த நிலையில் இருப்பவரும் அகதி.

கதி நம் பேச்சில் எங்கெல்லாம் ஊறிக் கிடக்கிறது பாருங்கள். ‘உன்னை விட்டா எனக்கு வேற கதி இல்லை’, ‘அவன் என்ன கதி ஆனானோ’, ‘குடும்பம் அதோகதிதான்’, ‘நிர்க்கதியாய் நிற்கிறாள்’. சரணாகதியும் இந்த வரிசையில் வருவதுபோல் தோன்றும். ஆனால் அதைப் பிரித்தால் சரண + ஆகதி என்று வரும். ஆகதி என்றால் வந்து சேர்தல். அகதிக்கும் ஆகதிக்கும் குறில் நெடில் வித்தியாசம்தான். ஒன்று போக்கிடமில்லாமல் நிற்பது, மற்றது ஓரிடத்தில் வந்து சேர்வது. உலகத்துப் புகலிடச் சட்டங்கள் அத்தனையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

‘அகதிக்கு ஆகாயமே துணை’ என்று ஒரு பழமொழி உண்டு. அதில் போர் இல்லை, எல்லை இல்லை, கடவுச்சீட்டு இல்லை. ஆதரவற்றவர் என்பதுதான் பழைய பொருள். நாடு விட்டு நாடு தப்பி வந்தவர் என்ற பொருள் பின்னால் ஏறியது. அப்படி ஏறியபோதும் பழைய அகலம் போகவில்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களையும், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களையும் பலர் அகதி என்றே சொன்னார்கள். அரசு ஆவணத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர் ஆளின் நிலையைப் பார்த்துப் பெயர் வைக்கிறது; அரசு குடியுரிமையைப் பார்த்து வைக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ரெஃப்யூஜி’ பிரெஞ்சிலிருந்து போனது. 1685இல் பிரான்ஸின் பதினான்காம் லூயி, சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் அரசாணையை ரத்து செய்தார். தப்பி ஓடிய அந்தக் கிறித்தவர்களான ஹியூகனோக்களுக்குத்தான் முதலில் இந்தப் பெயர் பரவலாக ஒட்டியது. அதன் லத்தீன் வேர் ஓடி ஒளியும் இடத்தைக் குறிக்கிறது. அதாவது அந்தச் சொல் ஆள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கிறது. நம்முடைய அகதி, இடமே இல்லை என்பதைப் பார்க்கிறது.

புகலிடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அசைலம்’ இன்னும் சுவாரசியம். அது கிரேக்கம். அதிலும் முன்னால் இருப்பது எதிர்மறை ‘அ’தான், வடமொழியின் ‘அ’வுக்கும் கிரேக்கத்தின் ‘அ’வுக்கும் மூலம் ஒன்றே. பின்னால் வரும் பகுதிக்குப் பறிமுதல் செய்யும் உரிமை, பிடித்துக்கொள்ளும் உரிமை என்று பொருள். ஆக, யாரும் வந்து பிடித்துக்கொண்டு போக முடியாத இடம். ஒரே எதிர்மறை எழுத்து, அகதியில் ஓடுகிறவனின் வழியை மறுக்கிறது. அசைலத்தில் துரத்துகிறவனின் உரிமையை மறுக்கிறது. சட்டத்துக்குத் தேவை இரண்டாவது.

ஜெனீவாவில் 1951 ஜூலை 28 அன்று ஏற்கப்பட்ட அகதிகள் உடன்படிக்கை யாரை அகதி என்கிறது? தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த ஆதாரமுள்ள அச்சம் இருக்க வேண்டும். அந்தத் துன்புறுத்தலுக்குக் காரணம் இனம், மதம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவராகவோ, அந்த அச்சத்தால் பெற விரும்பாதவராகவோ இருக்க வேண்டும். இதில் வறுமை என்ற சொல் இல்லை. ஆதரவின்மை இல்லை. போர் என்ற சொல்கூட இல்லை.

ஒரே படகில் வந்து இறங்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஊர்க்கூட்டத்தில் பேசியவர். மறுநாள் இரவு கதவு தட்டப்பட்டது, பின்வாசல் வழியே ஓடிவந்தார். இன்னொருவரின் வயலில் மூன்றாவது வருடமாக உப்புநீர் நிற்கிறது. விசாரணை அதிகாரி இருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும், ஏன் குறிப்பாக உனக்கு? முதல் ஆளிடம் இதற்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது ஆளிடம், ‘எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே’ என்பதுதான் இருக்கிறது. தமிழில் இருவருமே அகதி. உடன்படிக்கையில் ஒருவர்தான்.

இந்த உடன்படிக்கை பிறக்கும்போது இதைவிடக் குறுகலாக இருந்தது. 1951 ஜனவரி 1க்கு முன் நடந்த நிகழ்வுகளால் ஓடிவந்தவர்களுக்கு மட்டும் என்று தேதி போட்டிருந்தார்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்துக்கே முதலில் மூன்று வருட ஆயுள்தான் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் வேலை முடிந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள், பாவம். 1967 நெறிமுறை அந்தத் தேதியை நீக்கியது. அப்புறம் 1969இல் ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கென ஓர் உடன்படிக்கை செய்து, வெளி ஆக்கிரமிப்பு, பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகள் ஆகியவற்றையும் காரணமாகச் சேர்த்தன. 1984 கார்த்தஹேனா பிரகடனம் லத்தீன் அமெரிக்காவில் அதே வழியில் போனது. எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடுகிறவர்களுக்கு 1998இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தன. நாம் ‘உள்நாட்டு அகதி’ என்று எழுதுகிறோமே, சட்டக்கண்ணில் அது பொருந்தாத சேர்க்கை. ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’ என்பதே சரி.

உடன்படிக்கையின் உயிர் 33ஆம் பிரிவில் இருக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ‘திருப்பி அனுப்பாமை’ என்று தமிழில் நேராகவே சொல்லிவிடலாம். மூலமான பிரெஞ்சுச் சொல்லைவிட இது நன்றாகவே புரிகிறது. கடல் ஏறி வரும் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியிலிருந்து வந்த இயோவானே டெய்ட்டியோட்டா, நியூசிலாந்தில் அகதி நிலை கேட்டுத் தோற்றார். 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழுவிலும் தோற்றார். ஆனால் 2020 ஜனவரியில் வெளியான அந்த முடிவில், காலநிலை மாற்றத்தின் விளைவுகள் ஒருவரின் உயிருரிமைக்கே ஆபத்தாகும் கட்டத்தில் திருப்பி அனுப்பத் தடை எழலாம் என்று குழு சொல்லிவைத்தது. பத்திரிகைகள் எழுதும் ‘காலநிலை அகதி’க்கு இதுவரை சட்டத்தில் கிடைத்திருக்கும் சில பிடிகளில் இது ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் ‘ஏதிலி’ என்கிறார்கள். ஈழத்து எழுத்திலும் அது உண்டு. எதுவும் இல்லாதவர் என்று பிரித்து விளக்குவார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். பழைய தமிழில் ஏதிலார் என்றால் அயலார், சில இடங்களில் பகைவர். ‘ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்’ என்பது குறள்: அந்நியர் வயிறு நிறைய, நம்மவர் பசித்திருப்பர். தமருக்கு எதிர்ச்சொல்லாக நிற்பது ஏதிலார். தஞ்சம் என்று வந்தவரைப் பார்த்து ‘நம் ஆள் இல்லை’ என்று சொல்லியா பெயர் வைப்பது?

வேடிக்கை என்னவென்றால், இந்தியச் சட்டத்துக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் தனிச்சட்டமும் இல்லை. குடிமகன் இல்லையென்றால் வெளிநாட்டவர், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு முதல்வர் மு.க. ஸ்டாலின், இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம் இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல மாற்றம். ஆனால் முகாமுக்குள் இருந்தவர்களின் சட்ட நிலையை ஒரு மாநில அரசின் பெயர்மாற்றம் தொட முடியாது.

‘புலம்பெயர்ந்தோர்’ இதற்கு மாற்று ஆகாது. பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ புகாரில் கலந்து இனிது வாழ்ந்தவர்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ‘தஞ்சம் கோருவோர்’ பிழையில்லை. விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருப்பவரை அது சரியாகக் குறிக்கிறது. ‘தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே’ என்கிறது தொல்காப்பியம். அன்றைக்குத் தஞ்சம் என்றால் எளிமை. இன்றைக்கு அதைக் கோரிப் பார்த்தவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஐரோப்பா போன ஈழத்தவர்கள் ‘அசூல் அடித்தல்’ (அசூல், அதே அசைலம்தான்) என்று ஒரு வினையையே உருவாக்கிக்கொண்டார்கள்: அங்கே போய் அசூல் அடித்தான், கேஸ் இன்னும் முடியவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டவருக்கு நான் ‘புகலாளர்’ என்று எழுதுகிறேன். புகுதலும் அடைக்கலமும் ‘புகல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. உள்ளே வந்தார், இனி யாரும் பிடித்துப்போக முடியாது என்கிற கிரேக்கப் பொருளுக்கும் அது பக்கத்தில் நிற்கிறது. சட்ட மொழிபெயர்ப்பிலும் செய்தியிலும் இது உதவும். ஆனால் ‘தொண்ணூறிலை நாங்கள் அகதியா வந்தனாங்கள்’ என்று ஒருவர் வாக்குமூலம் சொன்னால், அந்த அகதியை அடித்துவிட்டுப் புகலாளர் என்று திருத்த எனக்குக் கை வராது.