ஆக்சிஜன் கூடினாலும் ஆபத்துதான்

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் கப்பல் டேங்குகளுக்குள் காற்றைச் சோதித்து, ஆட்கள் இறங்கலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. இறங்குமுன் அவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கமும் கொடுக்க வேண்டும். காலை வெயிலில் விதிமுறைகளை ஒப்பித்தால் யார் கேட்கிறார்கள்? விண்வெளி நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தலைகள் நிமிரும். “அங்கே மூச்சுவிடக் காற்று எங்கிருந்து வருகிறது அண்ணா?” என்று புதுக்கோட்டைத் தம்பி யாராவது கேட்பார்.

தண்ணீரிலிருந்து வருகிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதைப் பிரித்தெடுக்கிறார்கள். 9 கிலோ தண்ணீரில் 8 கிலோ ஆக்சிஜன் இருப்பதால், ஒருவரின் ஒரு நாள் மூச்சுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரே போதும். அதில் பெரும்பகுதி, வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்து மீட்ட தண்ணீர். கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர் குடித்துப் பழகிய ஊர் என்பதால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. இயந்திரம் பழுதானால் வேதிப்பொருள் நிரப்பிய உருளைகள் கைகொடுக்கும். ஒன்றைச் சூடேற்றிவிட்டால் ஒருவருக்கு ஒரு நாளுக்கான ஆக்சிஜன் வெளிவரும்.

ஆக்சிஜன் இருந்தால் மட்டும் போதாது, அது மூக்குக்கு வந்து சேர வேண்டும். எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலே எழும்பாது. மின்விசிறி நின்றுவிட்டால், தூங்குபவர் விட்ட மூச்சே அவர் முகத்தைச் சுற்றித் தேங்கும். அறையில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் கரியமில வாயுவால் தலைவலியோடு எழ வேண்டியதுதான். எங்கள் டேங்குகளிலும் இதே தொல்லை உண்டு. காற்றை உள்ளே தள்ளும் புளோவரின் குழாய் முனையை, ஆள் இறங்கும் மேன்ஹோல் வாயிலேயே விட்டுவிட்டு, “காற்று ஓடுகிறது சார்” என்பார்கள். வாயருகே ஓடும், அடித்தளத்தின் மூலையில் ஓடாது. கப்பலை நிலைநிறுத்தத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க் மூடிக் கிடந்தால், அதில் இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் கருவியின் குழாயை மேலே, நடுவே, அடியே என்று இறக்கிப் பார்க்கிறோம்.

ஆக்சிஜன் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று கேட்டால், “நல்லதுதானே” என்று பதில் வரும். என்னைப் பயமுறுத்துவது அந்தப் பதில்தான்.

1967 ஜனவரி 27 அன்று, அப்பல்லோ 1 விண்கலம் தரையில் ஒத்திகையில் இருந்தது. உள்ளே தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். தீப்பிடித்ததும் சாதாரணக் காற்றில் மெல்ல எரியும் பொருள்கள்கூடக் கொழுந்துவிட்டு எரிந்தன. உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் கிரிசம், ஒயிட், சாஃபி மூவரும் இறந்தார்கள். அதன்பிறகு ஏவுதளத்தில் 60 விழுக்காடு ஆக்சிஜன், 40 விழுக்காடு நைட்ரஜன் என்று கலவையை மாற்றினார்கள். 1997இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில், முன்பு சொன்ன வேதிப்பொருள் உருளை ஒன்றே தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. உள்ளிருந்த ஆறு பேரும் தப்பித்தார்கள். இன்றைய நிலையத்தில் நம் தரைக்காற்றைப் போலவே 21 விழுக்காட்டை ஒட்டி ஆக்சிஜனை வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் விதிப்படி டேங்குக்குள் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மேல் வரம்பு எதற்கு என்பதை ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மறுபடி சோதித்தபோது கருவி அலறியது. எண் 24ஐத் தாண்டியிருந்தது. கேஸ் கட்டிங் டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், வால்வு சரியாக மூடவில்லை, அதன் வழியே ஆக்சிஜன் கசிந்திருந்தது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒருவர் இறங்கி டார்ச்சைப் பற்றவைத்திருந்தால், துணி நொடியில் பிடித்திருக்கும்.

இடைவேளைக்கு வெளியே வரும்போது டார்ச்சையும் ஹோஸையும் சேர்த்தே இழுத்து வந்துவிடுங்கள், சிலிண்டர் வால்வை மேலேயே மூடிவிடுங்கள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று ஆக்சிஜன் ஹோஸைத் திறந்து முகத்தில் அடித்துக்கொள்ளும் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் நான் பெர்மிட்டை, அதாவது உள்ளே இறங்கும் அனுமதிச் சீட்டை, ரத்து செய்துவிடுவேன். புழுக்கத்துக்குப் புளோவர் கேளுங்கள். பெர்மிட் நுழைவாயிலில்தான் ஒட்டப்பட்டிருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு யாரும் மறுபடி சோதிக்கவில்லை என்றால், மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.