மரபுவகை: ‘ஜீனோடைப்’ என்ற சொல்லும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும்

ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவரின் ஆய்வக அறிக்கையில் சில வேளைகளில் ‘ஜீனோடைப் டி’ என்றோ ‘ஜீனோடைப் ஏ’ என்றோ ஒரு வரி காணப்படும். அதைத் தமிழில் ‘டி வகை’ என்று மட்டும் சொன்னால் பெருங்குழப்பம் நேரும். ஏனெனில் அந்த நோயையே நாம் ‘பி வகைக் கல்லீரல் அழற்சி’ என்று எழுதுகிறோம், ஹெபடைட்டிஸ் டி என்பதோ வேறொரு வைரஸின் பெயர். நோயைக் குறிக்கும் எழுத்தும், ஒரே வைரஸுக்குள் உள்ள பிரிவைக் குறிக்கும் எழுத்தும் கலந்துவிடாமல் காக்கும் சொல் நமக்குத் தேவைப்படுகிறது.

‘ஜீனோடைப்’ என்பதை 1909-இல் ஆக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சென். பிறப்பு, குலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியோடு, அடித்துப் பதித்த அச்சு என்னும் பொருளுடைய ‘தூப்போஸ்’ சேர்ந்தது அது. ஒரே தூய வழியில், அதாவது ஒரே செடியின் தன்மகரந்தச் சேர்க்கையால், வந்த பீன்ஸ் விதைகள் எடையில் வேறுபட்டாலும் அவ்வேறுபாடு அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை என்று கண்ட அவர், உள்ளே இருக்கும் மரபு அமைப்பையும் வெளியே தெரியும் தோற்றத்தையும் ‘ஜீனோடைப்’, ‘ஃபீனோடைப்’ என்ற இரு சொற்களால் பிரித்தார்.

தமிழில் இதற்கு ஜீனாக்கம், மரபணுவகை ஆகிய சொற்களும், இலங்கையில் பிறப்புரிமையமைப்பு என்ற சொல்லும் வழங்குகின்றன. ‘ஆக்கம்’, ‘அமைப்பு’ என முடியும் சொற்கள் ஒரு செடியின் அல்லது ஒரு மனிதரின் உள்ளமைப்பைச் சொல்ல நன்கு பொருந்தும். வைரஸ் ஆய்வாளரோ இச்சொல்லால் ஒரு குழுவைச் சுட்டுகிறார். ஏறத்தாழ 3200 எழுத்துகள் (மரபுச் செய்தியின் வேதி அலகுகள்) கொண்ட இந்த வைரஸின் மரபுத்தொடரை முழுமையாக ஒப்பிட்டு, எட்டு விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் தனிப் பிரிவு என்று கொள்ளும் முறையை 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்வைத்து, நான்கு பிரிவுகளை அடையாளம் கண்டனர். இன்று ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள் உறுதிப்பட்டுள்ளன. ஐ, ஜே ஆகிய இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. இங்கு அளக்கப்படுவது தனி மரபணு அன்று, முழுத்தொடர். ஆகவே ‘ஒரு மரபணுவின் வகை’ என்று பிறழ உணர இடந்தரும் ‘மரபணுவகை’யை விட ‘மரபுவகை’ என்பதே துல்லியமானது என்பது என் துணிபு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்துவதையும் எண்ணும்போது, மரபும் வகையும் தமிழில் நெடுங்காலமாகச் சேர்ந்தே நிற்பவை என்பது விளங்கும்.

பிரிவு வேறானால் நடத்தையும் வேறாகிறது. மரபுவகை பி தொற்றியவர்களோடு ஒப்பிட, சி தொற்றியவர்களிடம் ‘இ’ ஆன்டிஜென் (வைரஸ் பெருகுவதைக் காட்டும், இரத்தத்தில் காணப்படும் புரதம்) மறைவது பல ஆண்டுகள் தாமதமாகிறது. கல்லீரல் இறுக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பும் மிகுகிறது. நோயெதிர்ப்பைத் தூண்டும் இண்டர்ஃபெரான் ஊசி சிகிச்சைக்கு ஏ-யும் பி-யும் நன்கு இணங்குகின்றன. சி-யும் டி-யும் அவ்வளவாக இணங்குவதில்லை. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர், என்டகாவிர் ஆகிய மாத்திரைகளுக்கு இந்த வேறுபாடு பொருட்டன்று.

இவற்றினும் நுட்பமானது 1896-ஆம் எழுத்தின் கதை. அவ்விடத்தில் குவானின் என்னும் எழுத்து அடினின் என்னும் எழுத்தாக மாறினால், ‘இ’ ஆன்டிஜெனை உருவாக்கும் தொடர் பாதியில் நின்றுவிடுகிறது. வைரஸ் பெருகிக்கொண்டே இருந்தும் பரிசோதனையில் அந்த ஆன்டிஜென் தென்படாது. ஆனால் இம்மாற்றம் எல்லா மரபுவகைக்கும் எளிதன்று. வைரஸ் தன்னைப் பொதிந்துகொள்ள உதவும் ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியின் நகல் இழை) மடிப்பில் 1896-ஆம் எழுத்து, 1858-ஆம் எழுத்தோடு இணை சேர்கிறது. மரபுவகை ஏ-யில் பெரும்பாலும் 1858-இல் குவானினோடு இணையும் சைட்டோசின் இருப்பதால், குவானினை இழந்தால் அந்த இணை முறிந்து மடிப்புக் குலைகிறது. டி-யில் அங்கே, ஆர்.என்.ஏ.வில், அடினினோடு நன்கு இணையும் யுராசில் இருப்பதால், அடினின் வந்ததும் இணை முன்னிலும் உறுதிப்படுகிறது. இதனாலேயே இம்மாற்றம் ஏ-யில் அரிதாகவும் டி-யில் மிகுதியாகவும் காணப்படுகிறது.

மரபுவகை வேறு, பிறழ்வு (மியூட்டேஷன், அதாவது எழுத்து மாற்றம்) வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மரபுவகை தொற்றும்போதே உடன் வருவது. பிறழ்வு, ஒருவர் உடலுக்குள் வைரஸ் பெருகும் காலத்தில் தோன்றக்கூடியது. வைரஸின் நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லாததால் பிறழ்வுகள் ஓயாமல் எழுகின்றன. அவற்றுள் எது நிலைக்கும் என்பதில் மரபுவகைக்கும் பங்குண்டு. இரண்டையும் ‘மாறுபாடு’ என்ற ஒரே சொல்லால் எழுதும் பழக்கம் இந்த உறவையே மறைத்துவிடுகிறது.

எட்டு விழுக்காட்டுக்குக் கீழாகவும் நான்கு விழுக்காட்டுக்கு மேலாகவும் வேறுபடுபவற்றைத் துணை மரபுவகை எனலாம். ஏ1, ஏ2 என்பன அத்தகையவை. எழுதும்போது எழுத்தைச் சொல்லுக்குப் பின் வைத்து, ‘ஹெபடைட்டிஸ் பி வைரஸ், மரபுவகை டி’ என்று குறித்தால், நோயின் பெயரும் பிரிவின் பெயரும் தத்தம் இடத்தில் நிற்கும்.