கிளைமொழியா, வட்டார வழக்கா?

'ஸ்பானிஷில் எந்தக் கிளைமொழியைக் கற்பது?' என்று ஒரு கட்டுரை கேட்கிறது. 'அர்ஜென்டினாக் கிளைமொழி வேண்டாம், மூல ஸ்பானிஷில் தொடங்குங்கள்' என்கிறது இன்னொன்று. இந்தக் 'கிளைமொழி' என்ற சொல்லைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

ஆங்கில 'டயலெக்ட்' என்பதற்குத்தான் தமிழில் இப்படி எழுதுகிறார்கள். 'டயலெக்ட்' கிரேக்கத்தின் 'டியாலெக்டோஸ்' என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. பேச்சு, பேசும் விதம் என்று பொருள். அதில் மரமும் இல்லை, கிளையும் இல்லை.

கிளை என்றதும் அடிமரம் எங்கே என்று மனம் தேடும். வங்கிக் கிளை என்றால் தலைமையகம் ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? அப்படித்தான் ஸ்பெயினின் மாட்ரிட் தலைமையகமாகவும் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் கிளையாகவும் ஆகிவிடுகின்றன. நடந்தது வேறு. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பார்கள். 'உன்னிடம் இருக்கிறது' என்பது 'வோஸ் தெனேஸ்'. ஸ்பெயினில் அது 'தூ தியேனெஸ்'. இந்த 'வோஸ்' ஸ்பெயினிலிருந்தே கப்பலேறிப் போன பழைய சொல். ஸ்பெயினில் அது வழக்கொழிந்துவிட்டது, அர்ஜென்டினாவில் வாழ்கிறது. இதில் எது மரம், எது கிளை?

உச்சரிப்பும் அப்படித்தான். மாட்ரிட்காரர் 'காசா' (வீடு), 'காத்தா' (வேட்டை) என்று பிரித்துச் சொல்வதை லத்தீன் அமெரிக்கர் இரண்டையும் 'காசா' என்றே சொல்வார். உடனே 'கிளையில் ஒலி தேய்ந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பெயினுக்குள்ளேயே செவியாவிலும் கேனரித் தீவுகளிலும் பலர் அப்படித்தானே பேசுகிறார்கள்!

கிளை என்றால் பழந்தமிழில் சுற்றம் என்றும் பொருள், ஆகவே தவறில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அழகான வாதம்தான். ஆனால் இன்று யார் காதில் அது சுற்றமாக விழுகிறது? 'கொச்சை மொழி' என்று எழுதுகிறவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

பிற வட்டாரங்களிலிருந்து வரும் சொல்லைத் தொல்காப்பியர் 'திசைச்சொல்' என்றார். நல்ல சொல், ஆனால் தனிச்சொற்களுக்குத்தான் பொருந்தும். 'குவாகுவா' கியூபாவில் பேருந்து, சிலேயில் கைக்குழந்தை. இதைத் திசைச்சொல் எனலாம். 'வோஸ்' கூடவே வினைமுற்றையும் மாற்றுகிறதே, அதை எப்படி அடக்குவது? 'வட்டார வழக்கு' இரண்டையும் தாங்கும். மாட்ரிட் பேச்சும் அதில் ஒரு வட்டார வழக்குதான்.

ஸ்பானிஷின் மறுபெயரான 'காஸ்டிலியன்' என்ற சொல்லும் இதே பாடு படுகிறது. அதை ஸ்பெயின் வழக்குக்கு மட்டும் பெயராக்கிவிட்டார்கள். அர்ஜென்டினாக்காரர் தன் மொழியையே 'காஸ்தெஷானோ', அதாவது காஸ்டிலியன் என்றுதான் சொல்வார். ஸ்பெயினின் 1978 அரசியலமைப்பு நாட்டின் ஆட்சிமொழிக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். போதாக்குறைக்கு, பார்சலோனா பக்கம் பேசும் தனிமொழியான கத்தலானையும் ஸ்பானிஷின் கிளைமொழி ஆக்கிவிடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் கதை தனி. பியூனஸ் அயர்ஸ் பேராசிரியர் 'வோஸ்' என்றால் தமிழில் அவர் 'இன்னாபா' என்கிறார். அங்கே படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் அது சாதாரண 'நீ'. வெறும் 'நீ' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, எதைக் கற்பது? மெக்சிகோ ஆட்களோடு வேலை என்றால் மெக்சிகோ வழக்கு, மாட்ரிடில் படிக்கப் போனால் அந்த வழக்கு. ஸ்பெயினில் 'கொகேர்' என்றால் எடுப்பது, பிடிப்பது. பேருந்து பிடிக்கக்கூட அதையே சொல்வார்கள். மெக்சிகோவில் அதே சொல்லைச் சொல்லிவிட்டால் மேசையைச் சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள், ஏன் என்று யாரும் விளக்க மாட்டார்கள்.